பகலில் நடக்கும் நரிகள்

பிப்ரவரி 11

காங்கேயத்திலிருந்து மினி பஸ்ஸில் முக்கால் மணி நேரம். செங்காட்டுவலசு நிறுத்தத்தில் என்னைத் தவிர யாரும் இறங்கவில்லை. அறை பரவாயில்லை. தோட்டத்து வீட்டின் பக்கவாட்டில் கொப்பரை மூட்டை அடுக்கி வைத்திருந்த இடத்தைக் காலி செய்து, வெள்ளையடித்துத் தந்திருக்கிறார்கள். எண்ணெய் வாசனை மட்டும் போகவில்லை. மூன்று மாதத்துக்கு என் துணியெல்லாம் இப்படித்தான் மணக்கும்.

வீட்டுக்காரர் துளசிமணி அக்கா. ஐம்பத்தைந்து வயதிருக்கும். கணவர் இறந்து ஆறு வருடம், மகளை ஓசூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார். நாற்பது செம்மறிகளையும் எட்டு ஏக்கர் கொரங்காட்டையும் தனியாகப் பார்த்துக்கொள்கிறார். கொரங்காடு என்றால் இந்தப் பக்கத்தில் மேய்ச்சல் நிலம். கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை முள்வேலி.

"எதுக்கு வந்திருக்கறீங்கன்னு சொன்னாங்க. எனக்குத்தான் சரியாப் புரியலைங்க அம்மிணி," என்றார், காப்பியைக் கையில் கொடுத்து.

"நரியைக் கணக்கெடுக்க வந்திருக்கேன்க்கா."

"நரிய எண்றதுக்குச் சம்பளமுங்களா?"

"கோடியக்கரையில பதினோரு மாசம் எண்ணினேன். கடலோரத்துல நரி எப்படி இருக்கு, இங்க கட்டாந்தரையில எப்படி இருக்குன்னு ஒப்பிட்டுப் பாக்கணும். என்ன திங்குது, எப்ப வெளிய வருது, எத்தனை ஒண்ணாச் சேர்ந்து இருக்குன்னு."

"இங்க ஒளிஞ்சுக்கிட்டுத்தானுங்க இருக்கும். வேறெப்படி இருக்கும்?"

பிப்ரவரி 13

அறைக்குள் போனில் சிக்னல் இல்லை. கொப்பரை காயவைக்கும் களத்தின் வடக்கு மூலையில் மட்டும் கிடைக்கிறது. மாலை ஆறு மணிக்கு அங்கே போய் நின்றேன். வைரக்கண்ணு கூப்பிட்டார்.

இந்தக் குறிப்பேடு புதிது என்பதால் எழுதி வைக்கிறேன்: வைரக்கண்ணு கோடியக்கரையில் வேட்டைத் தடுப்புக் காவலர். அங்கே பதினோரு மாதமும் என்னோடு கணக்கெடுத்தவர். நான் இங்கே வந்துவிட்டதால் அங்கே தனியாகத் தொடர்கிறார். திங்கள், வியாழன் இரண்டு நாளும் எண்ணிக்கையைப் போனில் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு.

"இன்னிக்கு ஏழு, மேடம். காலைல எட்டரை மணி. சதுப்புல நண்டு தோண்டிக்கிட்டு இருந்துச்சுங்க. என்னப் பாத்துச்சு, மறுபடி தோண்ட ஆரம்பிச்சிருச்சு."

"எவ்வளவு தூரத்துல இருந்து பாத்தீங்க?"

"அறுபது அடி இருக்கும். வாலு கட்டையா இருக்குமே, அதுவும் இருந்துச்சு. பேரு வைக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே, அது."

அட்டவணையில் எழுதிக்கொண்டேன். எண்ணிக்கை முடிந்த பிறகும் அவர் வைக்கவில்லை. காவல் கோபுரத்தின் மேலே நிற்கிறார் போல, காற்று இரைந்தது. சாப்பாடு எப்படி என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். "மீன் கெடைக்காதே" என்றார். கிடைக்காது என்றேன்.

அழைப்பு நேரம் இருபத்திரண்டு நிமிடம். எண்ணிக்கை சொல்ல மூன்று நிமிடம் போதும். அடுத்த முறை சுருக்கமாகப் பேச வேண்டும்.

பிப்ரவரி 14

ஒன்பது கிலோமீட்டர் நடந்தேன். தடம் இல்லை, எச்சம் இல்லை, எதுவும் இல்லை.

பிப்ரவரி 19

இன்று பொழுது சாயும் நேரத்தில் ஊளைக் கணக்கு. முன்பே பதிவு செய்த நரி ஊளையை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு, எத்தனை இடத்திலிருந்து பதில் வருகிறது என்று எண்ணும் முறை. கோடியக்கரையில் முதல் ஊளை முடிவதற்குள் நான்கு பக்கத்திலிருந்தும் குரல் எழும்பும். ஒலிபெருக்கியைத் தேடிக்கொண்டு கிட்டத்திலேயே வந்து நிற்கும். ஒரு முறை வைரக்கண்ணுவின் சைக்கிளை மோந்து பார்த்துவிட்டுப் போனது.

இங்கே ஐந்து இடங்களில் போட்டேன். எங்கேயும் பதில் இல்லை. எங்கோ ஒரு நாய் மட்டும் குரைத்தது.

நரி இல்லையா, இருந்தும் வாய் திறக்கவில்லையா என்பதுதான் கேள்வி. வாய் திறந்தால் கல் விழும் இடத்தில் பிறந்தவை, ஊளையைக் குறைத்துக்கொள்ளும் என்று படித்திருக்கிறேன். ஒரே இனம்தான். அங்கே நாள் முழுக்கச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். இங்கே பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாமல் வாழும்.

ஒரு குறை. கோடியக்கரையில் நாங்கள் செய்த பதிவு அது. நாற்பத்தெட்டு விநாடி ஊளைக்குப் பிறகு "போதும் மேடம், ரொம்பக் கிட்ட வந்துருச்சு" என்று வைரக்கண்ணு தணிந்த குரலில் சொல்வதும் பதிவாகியிருக்கிறது. அதை வெட்டிவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். மறந்துவிட்டேன். நாளை வெட்ட வேண்டும்.

பிப்ரவரி 22

ஊளைக் கணக்கு, மேற்குப் பக்கம். பதில் இல்லை. பதிவை இன்னும் வெட்டவில்லை. மடிக்கணினியில் சார்ஜ் இல்லை.

பிப்ரவரி 24

திங்கள். அங்கே ஐந்து நரி. கரையேறிய ஆமை இட்ட முட்டைக் குழி ஒன்றைத் தோண்டியிருக்கின்றன. நேரம் காலை ஒன்பது.

சொல்லி முடித்துவிட்டு, "இன்னொரு விஷயம் மேடம்" என்றார். வேதாரண்யத்தில் இருக்கும் அவருடைய அக்கா ஓர் இடம் பார்த்திருக்கிறாராம். தலைஞாயிறு. அங்கன்வாடியில் வேலை பார்க்கும் பெண். அவருடைய மனைவி இறந்து எட்டு வருடமாகிறது, இன்னும் எத்தனை நாள் தனியாகச் சோறாக்கித் தின்பாய் என்று அக்கா அழுததாகச் சொன்னார். எல்லாம் சரியாக வந்தால் சித்திரையில் பேசி முடிப்பார்களாம்.

"நீங்க என்னா சொல்றீங்க மேடம்?"

"நல்லதுதானே," என்றேன்.

"நல்லதுதாங்களா?"

"ஆமா. நல்ல விஷயம்தானே."

சரி மேடம் என்றார். அழைப்பு நேரம் ஒன்பது நிமிடம். நான் விரும்பியபடி சுருக்கமாக முடிந்தது.

பிப்ரவரி 25

கணக்கெடுக்கப் போகவில்லை. தலைவலி. வெயில் ஏறிவிட்டது.

மார்ச் 4

முதல் தடயம். வடக்குக் கிளுவை வேலியின் அடியில் ஒரு சந்து, அதைத் தாண்டிக் கல்குவியல், அதன் மேல் எச்சம். உள்ளே கோழி இறகு, இலந்தைக் கொட்டை, ஓணான் செதில். கோடியக்கரை எச்சத்தில் நண்டின் ஓடும், மீன் முள்ளும் இருக்கும். பையில் போட்டுத் தேதி எழுதும்போது சிரிப்பு வந்தது. ஒரு எச்சத்துக்கு இவ்வளவு சந்தோஷப்படும் பெண்ணை எந்த அண்ணன்தான் கட்டிக்கொடுப்பான். அம்பாசமுத்திரத்தில் என் அண்ணன் முயற்சியை விட்டு ஏழு வருடமாகிறது. எனக்கு முப்பத்தொன்பது.

தானியங்கி கேமராவை அந்தச் சந்தில் கட்டினேன்.

மார்ச் 7

படம் கிடைத்துவிட்டது. பெண் நரி, விடிகாலை 4.52. மடி தொங்குகிறது. குட்டி போட்டு ஒரு வாரம் பத்து நாள் இருக்கலாம். கல்குவியலுக்குள்தான் வளை. அதன் பின்னாலேயே ஆண். பதினைந்து படங்களிலும் இரண்டும் ஒன்று விட்டு ஒன்று வருகின்றன. ஒரு படத்தில்கூட வெளிச்சம் இல்லை. கோடியக்கரையில் பட்டப்பகலிலேயே அவை வாலை ஆட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போய்வரும்.

துளசிமணி அக்காவிடம் படத்தைக் காட்டலாமா என்று யோசித்தேன். வளை அவருடைய காட்டில்தான் இருக்கிறது. காட்டவில்லை.

மார்ச் 12

அக்காவோடு களத்தில் உட்கார்ந்து கொப்பரை புரட்டினேன். பூசணம் பிடித்ததைத் தனியே எடுக்கச் சொன்னார்.

"பொழுதோட பொழுதோட அந்த மூலைல போயி நிக்கறீங்களே, யாருகிட்டங்க பேசறீங்க?"

"கோடியக்கரையில கூட வேலை பாத்தவர். எண்ணிக்கை சொல்வார்."

"சரி சரி," என்றார். சிறிது நேரம் கழித்து, "போன வாரம் அவரு கூப்புடலயாட்டிருக்குது. செவுத்தப் பாத்துட்டு நின்னுட்டு வந்துட்டீங்க," என்றார்.

வியாழக்கிழமை அங்கே மழை. அதனால் கணக்கு இல்லை, அதனால் அழைப்பு இல்லை. இதைச் சொன்னேன். அக்கா தலையாட்டிக்கொண்டு, பூசணம் பிடித்த பருப்பு ஒன்றை நான் நல்ல குவியலில் போட்டிருந்ததை எடுத்து மாற்றிப் போட்டார்.

மார்ச் 20

மோசமான நாள்.

விடிந்ததும் அக்கா போட்ட சத்தத்தில் எழுந்து ஓடினேன். பட்டியில் பதினோரு குட்டிகள் செத்துக் கிடந்தன. தாய் ஆடுகள் ஒரு மூலையில் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நின்றன. அக்கா அழவில்லை. ஒவ்வொரு குட்டியாகத் தூக்கி வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஏழு மணிக்குள் ஊரே வந்துவிட்டது. பக்கத்துக் காட்டுக்காரரும் அக்காவின் கொழுந்தனாருமான சென்னியப்பன் நேராக என்னிடம் வந்தார்.

"பொழுதோட பொழுதோட அந்த டப்பாவுல நரிய ஊளையிட வெக்கறீங்கல்லங்க. ஊருல இல்லாத நரியெல்லாம் நம்ம எனம் கூப்புடுதுன்னு வந்து சேந்துருச்சு."

"ஊளைக்கு நரி அப்படி இடம் மாறி வராதுங்க. அதோட எல்லைக்குள்ள இருக்கறது மட்டும்தான் பதில் சொல்லும்."

"அப்ப இங்க நரி இருக்குதுங்கறீங்க."

இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எங்கே என்றும் தெரியும்.

"ரெண்டு நாள்ல கறியில குருணை மருந்து கலந்து வெச்சுடறேன். அதோட தீந்துது," என்றார். கூட்டத்தில் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று நாள் பொறுங்கள், எது கடித்தது என்று கண்டுபிடித்துச் சொல்கிறேன் என்று கேட்டேன். அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா குட்டிகளைப் பார்த்துக்கொண்டு, "மூணு நாளுதானுங்களே," என்றார்.

வியாழன் என்பதால் மாலையில் வைரக்கண்ணு கூப்பிட்டார். எண்ணிக்கை கேட்க மறந்துவிட்டேன்.

"கடி எங்க இருக்கு மேடம்?"

"தொடை, அடிவயிறு, காது. கண்ட இடத்துல."

"தொண்டைல?"

"ரெண்டு குட்டிக்கு மட்டும்."

"எத்தனைய தின்னுருக்கு?"

"ஒண்ணைக்கூடத் தின்னல."

"அப்ப நாயி. இங்க மான்குட்டிய நரி எடுக்கறப்பப் பாத்துருக்கோம்ல. நரி ஒண்ணு எடுத்தா ஒண்ணுதான், தூக்கிக்கிட்டுப் போயிரும். நாய்க்கு அது வெளையாட்டு." பிறகு, "நீங்க அழுதீங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. வைக்கும்போது பார்த்தேன், நாற்பத்தோரு நிமிடம்.

மார்ச் 22

கேமராக்களை மாற்றிக் கட்டினேன். பட்டிக்குப் பின்னால் ஒன்று, வேலிச் சந்தில் ஒன்று. இரண்டு கிலோமீட்டர் தள்ளி கறிக்கோழிக் கடைகளின் கழிவைக் கொட்டும் பள்ளம் ஒன்று இருக்கிறது. அங்கே பதினாறு நாய்களை எண்ணினேன்.

மார்ச் 24

படங்கள் வந்துவிட்டன.

பட்டிக் கேமராவில், இன்று விடிகாலை 5.10: நான்கு நாய்கள். ஒன்று கதவைப் பிறாண்டுகிறது. குட்டிகளை அக்கா உள்ளே அடைத்திருந்ததால் தப்பித்தன. அருமையான படம். முகம்கூடத் தெளிவு.

வேலிக் கேமராவில், நேற்று 5.38: நம்முடைய பெண் நரி. வாயில் ஆட்டுக்குட்டி. பிறந்து இரண்டு நாள்கூட ஆகாத குட்டி. நேற்றுக் காலை சென்னியப்பன் பட்டியில் ஒன்று காணவில்லை என்று சொன்னார்கள்.

இரண்டாவது படத்தை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அழித்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

வைரக்கண்ணு கூப்பிட்டதும் விஷயத்தைச் சொன்னேன். "நாய்ப் படத்தை மட்டும் காட்டினா போதும்ல? பதினோரு குட்டியைக் கொன்னது நாய்தான். அது பொய் இல்லையே."

"பொய் இல்ல. ஆனா இருக்குறத எல்லாத்தயும் காட்டிருங்க மேடம். பாதிய மறைச்சு வச்சா, பின்னாடி மீதியச் சொல்ல வாயே வராது."

காற்று மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

"நரி விஷயத்தத்தான் சொல்றேன்," என்றார்.

"தெரியுது," என்றேன்.

மார்ச் 25

அக்கா வீட்டு முன்னறையில் மடிக்கணினியை வைத்து இரண்டு படங்களையும் காட்டினேன். அக்கா, சென்னியப்பன், இன்னும் ஏழெட்டுப் பேர். நாய்ப் படம் வந்ததும் ஒருவர், "இது நம்ம கோழிக்கடைப் பக்கம் திரியற செவலையாச்சே," என்றார். நரிப் படம் வந்ததும் சென்னியப்பன் எழுந்துவிட்டார்.

"அதாம் பாருங்க. என்ற குட்டி."

"ஆமாங்க. உங்க குட்டிதான். அதை எடுத்தது நரிதான்," என்றேன். "பதினொண்ணைக் கொன்னது அது இல்ல. ரெண்டும் உண்மைங்க. அதான் ரெண்டையும் காட்டறேன்."

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே வந்தார். "மடியப் பாத்தீங்களா. குட்டி இருக்குது இதுக்கு." என் பக்கம் திரும்பாமலே கேட்டார்: "என்ற காட்டுலதானுங்களா?"

"ஆமாக்கா. கல்குவியல்ல."

"எத்தனை நாளாத் தெரியும்?"

"பதினெட்டு நாளா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு கொழுந்தனாரிடம், "ஒண்ணத் தூக்கிட்டுப் போறது பசிங்க. வேலிச் சந்த நாம அடைச்சுக்கோணும். நாய்க்குத்தான் ஊர்ல பேசி வழி பண்ணோணும். மருந்து வேண்டாம்," என்றார். சென்னியப்பன் தலையை ஆட்டியது போலத்தான் இருந்தது.

ராச்சோறு அக்கா கொண்டுவந்து தரவில்லை. நான் கேட்கவும் இல்லை. பிஸ்கட் இருந்தது.

மார்ச் 29

பெண் நரி செத்துவிட்டது.

காலையில் வடக்கு வேலிக்கு அந்தப் பக்கம் கிடந்தது. வாயில் நுரை. கொஞ்சம் தள்ளி இரண்டு காக்கைகள், அப்புறம் சென்னியப்பனின் சொந்த நாய். அவர் இருபத்திரண்டாம் தேதியே மருந்து வைத்துவிட்டாராம். வேலியோரம் எட்டு இடம். கூட்டத்துக்குப் பிறகு எடுத்துவிட்டேன் என்று நினைத்தாராம், ஓர் இடம் விட்டுப்போயிற்று. நாயின் பக்கத்தில் குந்திக்கொண்டு இதைச் சொன்னார்.

அளவெடுத்தேன். அதுதான் என் வேலை. மூக்கிலிருந்து வால் நுனி வரை 98 செ.மீ. எடை 7.6 கிலோ. மடியை அழுத்தினால் பால் வந்தது. அதை எழுதுவதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதினேன்.

துளசிமணி அக்கா வந்து பார்த்தார். வீட்டுக்குப் போய் ஒரு பக்கெட்டும் இடுக்கியும் எடுத்துவந்து, வேலி நெடுக நடந்து, ஒவ்வொரு புதராகக் கிளறினார். கிடைத்த கறித்துண்டுகளைக் குழி தோண்டிப் புதைத்தார். பத்து மணி வெயில். நானும் கூட நடந்தேன்.

"நீங்க மொதல்லயே சொல்லியிருந்தா அந்தப் பக்கம் அவரப் போக உட்டிருக்க மாட்டேன்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

குட்டிகளுக்கு நான்கு வாரம் இருக்கும். ஆண் நரி இருக்கிறதா, அதுவும் தின்றுவிட்டதா, தெரியவில்லை.

மார்ச் 31

திங்கள். அங்கே எட்டு. பெண் நரி செத்ததைச் சொன்னேன். வைரக்கண்ணு, "ஆணு பாத்துக்கும் மேடம். இதுங்க அப்படித்தான். தின்னத வந்து கக்கிக் குடுக்கும்," என்றார். அவர் மனைவி போனபோது மகளுக்குப் பத்து வயது என்று எப்போதோ சொல்லியிருக்கிறார். இப்போது நாகப்பட்டினத்தில் நர்சிங் படிக்கிறாள்.

ஏப்ரல் 3

இன்று காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு, சுட்டெரிக்கும் வெயிலில், மக்காச்சோளம் அறுத்த வெறுங்காட்டின் நடுவே ஆண் நரி நடந்து போனது.

ஒளியவில்லை. ஓடவில்லை. டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர் வண்டியை நிறுத்திப் பார்த்தார். அதுவும் நின்று அவரைப் பார்த்தது. பிறகு எலி வளை ஒன்றைத் தோண்டத் தொடங்கியது. கிடைத்ததை விழுங்கிவிட்டுக் கல்குவியலுக்குப் போனது. பதினொன்றரைக்கு மறுபடி வந்தது. பெண் உயிரோடு இருந்தபோது பகலில் ஒரு படம்கூட விழாத நரி இது.

இரண்டு பேர் செய்த வேலையை ஒன்றே செய்வதற்கு அதற்கு இரவு போதவில்லை. கோடியக்கரை நரி பகலில் நடப்பது பயம் இல்லாததால். இது பயத்தோடுதான் நடக்கிறது. காதுகள் இரண்டும் பின்னால் மடிந்திருந்தன.

அறிக்கையில் இதை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

ஏப்ரல் 9

அக்கா மறுபடி ராச்சோறு கொண்டுவரத் தொடங்கிவிட்டார். கத்தரிக்காய்க் கடைசல். சாப்பிடும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"வெடியால ஒரு குட்டி செத்துப் பொறந்துதுங்க. பொதைக்கலாம்னுதான் எடுத்துட்டுப் போனேன். அந்தக் கல்லுமேல வெச்சுட்டு வந்துட்டேன். தப்புங்களா?"

தப்புதான். இயல்பான உணவுப் பழக்கத்தைக் கணக்கெடுக்கும் இடத்தில் மனிதர் உணவு வைக்கக் கூடாது. "தப்பில்லைக்கா," என்றேன். பிறகு, மறைக்க வேண்டாம் என்று பதிவேட்டில் எழுதினேன்: நில உரிமையாளர் ஒருமுறை இறந்த குட்டியை வைத்தார்.

ஏப்ரல் 14

சித்திரை பிறந்துவிட்டது. வைரக்கண்ணு வாழ்த்து சொன்னார், ஆறு நரி என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நான்கு நிமிடம்.

அக்கா பருப்பு வடை சுட்டிருந்தார். நன்றாக இருந்தது. இந்த ஊர்க் காற்றில் உப்பு இல்லை. இரண்டு மாதமாகியும் காலையில் எழுந்ததும் அதைத்தான் முதலில் கவனிக்கிறேன்.

ஏப்ரல் 17

வியாழன். சிக்னல் கிடைத்தது. அழைப்பு வரவில்லை. பெண் பார்க்கப் போயிருக்கலாம். நல்ல நாள் என்று காலண்டரில் போட்டிருக்கிறது.

இன்னும் வெட்டாத அந்த ஊளைப் பதிவை இன்று கடைசி வரை கேட்டேன். வேலைக்காக இல்லை.

ஏப்ரல் 22

மாலை ஐந்தேகால் மணிக்குக் குட்டிகள் வெளியே வந்தன. அக்காவும் நானும் வெள்வேல மரத்தடியில் வயிறு தரையில் படப் படுத்திருந்தோம். முதலில் ஒன்று, அப்புறம் ஒன்று. ஆண் நரி கல்லின் மேல் நின்றுகொண்டு எங்கள் பக்கமே பார்த்தது. எலும்பாகிப் போயிருக்கிறது. கடைசியில் மூன்றாவதும் வந்தது. மற்ற இரண்டையும்விடச் சிறியது. அப்பாவின் வாயை நக்கியது, அது கக்கிக் கொடுத்தது.

"மூணும் இருக்குதுங்க," என்று அக்கா என் காதில் சொன்னார். அவர் கை என் கையை இறுகப் பிடித்திருந்தது.

திரும்பி வந்ததும் கால் கழுவக்கூட இல்லாமல் களத்து மூலைக்குப் போனேன். இதுவரை நான் அவரைக் கூப்பிட்டதில்லை. அவர்தான் கூப்பிடுவார். நான்காவது மணியில் எடுத்தார்.

"என்னா மேடம், இன்னிக்குச் செவ்வாயாச்சே."

"தெரியும்."

"உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? வியாழக்கெழம போன் கடல் தண்ணில விழுந்துருச்சு. நேத்துதான் சரி பண்ணிக் குடுத்தான். நான் இன்னிக்குக் கூப்புடலாமா வேணாமான்னு பாத்துக்கிட்டே இருக்கேன்."

குட்டிகளைப் பற்றிச் சொன்னேன். மூன்றுமா என்று இரண்டு முறை கேட்டார். ஆண் இளைத்திருப்பதைச் சொன்னேன். இளைக்கும்தான் என்றார். அதற்குப் பிறகு சொல்வதற்கு நரி எதுவும் மிச்சமில்லை.

"வைரக்கண்ணு, சித்திரையில பேசி முடிக்கறதா இருந்ததே. முடிஞ்சிருச்சா?"

"அது மாசியிலயே வேணாம்னுட்டேன் மேடம்."

"மாசியிலயா? ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க அப்பறம் கேக்கவே இல்லியே."

"ஏன் வேண்டாம்னீங்க?"

"அதெல்லாம் எதுக்கு மேடம். நான் எட்டாவது வரைக்கும் படிச்சவன். நாப்பத்தாறு ஆகுது. கல்யாண வயசுல பொண்ணு இருக்கா. நீங்க அடுத்த மாசம் கணக்கு முடிச்சிட்டு வேற எந்த ஊருக்காவது போயிருவீங்க. எனக்கு ஏழு, எட்டுன்னு சொல்றதுக்கு ஒரு ஆளு இருந்துச்சேன்னு நெனச்சுக்குவேன். அவ்வளவுதான்."

அப்போதுதான் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. ஏழெட்டுச் சொற்கள் இருக்கும்.

அந்தப் பக்கம் காற்று மட்டும் இரைந்தது.

"காத்துல ஒண்ணும் வெளங்கல மேடம். இன்னொருக்கா சொல்லுங்க," என்றார்.

இரண்டாம் தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. சத்தமாக வேறு சொல்ல வேண்டியிருந்தது. களத்தின் மறுகோடியில் கொப்பரையைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்த துளசிமணி அக்கா நிமிர்ந்து பார்த்தார். நான் திரும்பி நின்றுகொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சொல் விடாமல் முழுக்கச் சொன்னேன்.

கோபுரத்தின் தகரம் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது.

"மொதத் தடவையே கேட்டுச்சு," என்றார்.